மெக்கானிக்கல் ஃபிலிம் கேமராக்களின் ஷட்டர் வேகம்: துல்லியமும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகச் சக்கரத்தை 1/1000-இல் வைத்தால் உண்மையிலேயே 1/1000 விநாடிதான் கிடைக்கிறதா?

பெரும்பாலும் கிடைப்பதில்லை. சக்கரத்தில் பொறித்திருக்கும் எண்களே தோராயமானவை. ஒவ்வொரு படியும் முந்தைய படியில் சரிபாதி என்பதுதான் அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்குப்படி 1/15 என்பது 1/16, 1/60 என்பது 1/64, 1/125 என்பது 1/128, 1/1000 என்பது 1/1024 விநாடியாகும். அதாவது 1/60-இல் ஷட்டர் (ஃபிலிமுக்கு ஒளியை விட்டு மறைக்கும் கதவு) திறந்திருக்க வேண்டிய நேரம் 15.6 மில்லி விநாடி, 1/1000-இல் ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவு. இந்த இலக்கிலிருந்து 20 முதல் 30 சதவீதம் வரை விலகல் இருப்பது புதிய கேமராவிலும் இயல்பானதாகவே கருதப்பட்டது. ஐம்பது, அறுபது ஆண்டுகளைக் கடந்து வந்த ஒரு கேமராவில் 1/1000 என்பது 1/700 ஆக இருந்தால் அதைப் பழுது என்று சொல்வதைவிட வயது என்று சொல்வதே பொருத்தம்.

நான் முதலில் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. ஒரே வேகத்தில் பத்து முறை அழுத்தினால் பத்து முறையும் ஏறக்குறைய ஒரே நேரம் கிடைக்கிறதா? எப்போதும் 1/700 தரும் ஷட்டரை நம்பிப் படம் எடுக்கலாம். ஒரு முறை 1/900, அடுத்த முறை 1/500 என்று தாவும் ஷட்டரின் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்ப முடியாது.

எவ்வளவு பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம்?

பிழையைச் சதவீதத்தில் பார்ப்பதைவிட ஸ்டாப்பில் பார்ப்பது நல்லது, ஏனெனில் ஃபிலிம் அப்படித்தான் உணர்கிறது. நேரம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடுதல். 26 சதவீதம் கூடினால் மூன்றில் ஒரு ஸ்டாப், 41 சதவீதம் கூடினால் அரை ஸ்டாப். குறையும் திசையில் 21 சதவீதம் குறைவு மூன்றில் ஒரு ஸ்டாப்பாகவும் 29 சதவீதம் குறைவு அரை ஸ்டாப்பாகவும் அமைகிறது. எனவே 1/500-இல் 1.95 மில்லி விநாடி வரவேண்டிய இடத்தில் 2.4 வந்தால், பார்ப்பதற்குப் பெரிய வித்தியாசமாகத் தோன்றினாலும், அது மூன்றில் ஒரு ஸ்டாப்பைத் தாண்டவில்லை.

வண்ண நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்புக்கு மேலும் தாங்கும், குறைவான வெளிச்சத்தை அந்த அளவுக்குத் தாங்காது. பழைய ஷட்டர்கள் பெரும்பாலும் மந்தமாவதால், அதாவது கூடுதல் வெளிச்சம் தருவதால், நெகட்டிவ் பயன்படுத்துபவர்கள் பல ஆண்டுகள் குறையே தெரியாமல் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நேரடியாகப் பார்க்கும் பாசிட்டிவ் படத்தைத் தரும் ஸ்லைடு ஃபிலிமில் அந்தச் சலுகை கிடையாது. அரை ஸ்டாப் பிழையே வானத்தையும் வெள்ளைத் துணியையும் வெளிறச் செய்துவிடும். ஆகவே நெகட்டிவ் மட்டும் எடுப்பவர் அரை ஸ்டாப் வரையிலும், ஸ்லைடு எடுப்பவர் மூன்றில் ஒரு ஸ்டாப் வரையிலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மின்கலம் இல்லாமல் இவ்வளவு சிறிய நேரங்களை ஒரு கேமரா எப்படி அளக்கிறது?

1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமான லைக்கா முதல் பென்டாக்ஸ் கே1000 வரை, 35 மி.மீ. கேமராக்களில் மிகப் பலவற்றில் இருப்பது கிடைமட்டமாக ஓடும் இரண்டு துணித்திரைகள். இவை ரப்பர் பூசிய மெல்லிய துணியால் ஆனவை. நெம்புகோலைத் தள்ளி ஃபிலிமைச் சுற்றும்போதே ஷட்டரின் ஸ்பிரிங்குகளும் முறுக்கேறுகின்றன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை ஓடி ஃபிலிமைத் திறக்கிறது, குறித்த நேரம் கழித்து இரண்டாம் திரை ஓடி மூடுகிறது.

வேகம் கூடும்போது திரைகள் வேகமாக ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லா வேகங்களிலும் திரை ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. 36 மி.மீ. அகலத்தை ஒரு திரை சுமார் 12 மில்லி விநாடியில் கடப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மில்லி விநாடிக்கு அது 3 மி.மீ. நகர்கிறது. 1/1000-இல் முதல் திரை கிளம்பி ஒரு மில்லி விநாடி ஆவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடுவதால், இரண்டுக்கும் இடையே 3 மி.மீ. அளவிலான ஒரு பிளவு மட்டும் ஃபிலிமின் மீது தடவிச் செல்கிறது. 1/60-இலும் அதைவிட மெதுவான வேகங்களிலும்தான் முழுச் சட்டமும் (ஒரு படத்துக்கான ஃபிலிம் பரப்பு) ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதனால்தான் இத்தகைய கேமராக்களில் ஃபிளாஷுக்கு உரிய உச்ச வேகம் பெரும்பாலும் 1/60 என்று இருக்கிறது. உலோக இலைகள் செங்குத்தாக ஓடும் ஷட்டர்கள் 24 மி.மீ. கடந்தால் போதும் என்பதால் அவற்றில் அது 1/125 ஆயிற்று. 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2 மிக இலேசான டைட்டானியம் இலைகளைக் கொண்டு 1/4000 விநாடியையும், ஃபிளாஷுக்கு 1/200 விநாடியையும் எட்டியது.

இதில் ஒரு நுட்பம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. திரை நின்ற நிலையிலிருந்து கிளம்புவதால் ஓட ஓட வேகம் பிடிக்கிறது. அப்படியானால் பிளவு முழுவதும் ஒரே அகலத்தில் இருந்தால் வெளிச்சம் சமமாக விழாது. ஆனால் இரண்டு திரைகளும் ஒரே விதமாக வேகம் பிடிக்கும்போது, அவற்றுக்கு இடையிலான நேரம் மாறாமலே இருந்து, பிளவு தானாக அகன்றுகொண்டே போகிறது. சட்டத்தின் இரு ஓரங்களுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைப்பது இந்த இணக்கத்தால்தான். பின்னால் வரும் பல சிக்கல்கள் இந்த இணக்கம் குலைவதிலிருந்தே தொடங்குகின்றன.

வேகமான எண்கள் சரியாக இருக்கும்போது 1 விநாடி, 1/2, 1/4 ஆகியவை மட்டும் ஏன் இழுக்கின்றன?

மெதுவான வேகங்களுக்குப் பொறுப்பு வேறொரு உறுப்பு. கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற ஒரு சிறு பல்சக்கர வரிசை இரண்டாம் திரையைப் பிடித்து வைத்து, எண்ணி எண்ணி விடுகிறது. நல்ல கேமராவில் 1 விநாடியை அழுத்தினால் கேட்கும் மெல்லிய 'கிர்ர்' ஒலி அதனுடையது. அந்தச் சக்கரங்களின் அச்சுகளில் இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் பசையாக இறுகும்போது, முதலில் பாதிக்கப்படுவது இந்த வரிசைதான், ஏனெனில் அதை ஓட்டும் விசை மிகக் குறைவு.

என்னிடம் உள்ள ஒரு கேமரா பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது. வெளியே எடுத்து 1 விநாடியில் அழுத்தியபோது 1.7 விநாடி ஆயிற்று. 'கிர்ர்' ஒலி நடுவில் தயங்கி, நின்றுவிடுமோ என்று நினைக்கும் வேளையில் மீண்டும் தொடர்ந்தது. இரண்டாம் முறை 1.5. இருபதாவது முறை 1.1. சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அழுத்தினேன்: 1.6. ஓட ஓடச் சரியாகி, ஓய்வுக்குப் பிறகு மீண்டும் இழுப்பது எண்ணெய் இறுகியதற்கு மிகத் தெளிவான அடையாளம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் முதல் முறையும் இருபதாவது முறையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

படத்தின் ஒரு பக்கம் மட்டும் கருத்து வருகிறது. லென்ஸில் கோளாறா?

1/500, 1/1000 ஆகியவற்றில் மட்டும் அப்படி வந்து, 1/60-இல் வரவில்லை என்றால் லென்ஸின் மீது பழி இல்லை. இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிடுகிறது. பிளவு போகப் போகக் குறுகுவதால், ஓட்டம் முடியும் பக்கத்தில் ஃபிலிமுக்கு வெளிச்சம் போதாமல் நெகட்டிவ் அங்கே மெலிந்து, அச்சில் கருப்பாகத் தெரிகிறது. பிளவு முழுவதுமாக மூடிவிட்டால் அந்தப் பகுதியில் படமே இருக்காது. முதல் திரையின் உருளையில் அழுக்கு சேர்ந்து அது மந்தமாவதே இதற்குப் பொதுவான காரணம். வெறும் நீல வானத்தையோ சீராக ஒளியூட்டிய சுவரையோ ஒவ்வொரு வேகத்திலும் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் இக்குறை மறைந்துகொள்ள இடமே இல்லை.

லீஃப் ஷட்டரிலும் இதே சிக்கல்கள் உண்டா?

திரைகள் இல்லாததால் ஓரம் கருப்பது இல்லை. காம்பர், புரொன்டர், கோப்பல் போன்ற லீஃப் ஷட்டர்களில் லென்ஸின் நடுவே இருக்கும் மெல்லிய இலைகள் மையத்திலிருந்து திறந்து மீண்டும் மையத்தில் மூடுகின்றன. எண்ணெய் கசிந்து இலைகளின் மீது படிந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மெதுவாகத் திறக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். இலைகளில் மழைநீரில் எண்ணெய் பரவியது போன்ற வானவில் பளபளப்பு தெரிந்தால் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

ஒன்றை மட்டும் அளவீட்டின்போது நினைவில் வைக்க வேண்டும். இலைகள் திறப்பதற்கும் மூடுவதற்கும் நேரம் பிடிக்கும். அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி புகும் துளை) முழுவதும் திறந்திருக்கும்போது அந்தத் திறக்கும், மூடும் நேரங்களில் பாதி வெளிச்சமே உள்ளே வருகிறது. எஃப் 22 போன்ற மிகச் சிறிய அப்பர்ச்சரில் இலைகள் சற்றே விலகியதுமே அந்தச் சிறு துளை முழுவதும் திறந்துவிடுகிறது. ஆகவே 1/500 போன்ற உச்ச வேகத்தில், சிறிய அப்பர்ச்சரில் எடுத்த படம் கணக்கைவிடக் கூடுதலாக, சில நேரங்களில் ஒரு ஸ்டாப்பை நெருங்கும் அளவுக்கு, வெளிச்சம் பெறக்கூடும். இது பழுதில்லை, அந்த அமைப்பின் இயல்பு.

வீட்டில் இருந்தபடியே வேகத்தை எப்படி அளப்பது?

மெதுவான வேகங்களுக்குச் செல்பேசியின் ஒலிப்பதிவே போதும். கேமராவுக்கு அருகில் வைத்து 1 விநாடி முதல் 1/8 வரை பதிவு செய்து, ஒலி அலையைத் திரையில் விரித்துப் பார்த்தால், திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் இடையிலான தொலைவு நேரத்தைக் காட்டும். கண்ணாடி மேலே எழும் ஓசை கலந்து குழப்பும் எஸ்எல்ஆர் கேமராவில் (லென்ஸ் வழியே வரும் காட்சியையே கண்ணாடி மூலம் காட்டும் கேமரா), கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இசைத்தட்டுக் கருவி இருப்பவர்களுக்கு இன்னும் அழகான வழி உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது விநாடிக்குச் சரியாக 200 பாகை. தட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளியை ஒட்டி, மேலிருந்து படம் எடுத்தால், புள்ளி வரையும் வில் 1/4 விநாடியில் 50 பாகையும் 1/8-இல் 25 பாகையும் இருக்க வேண்டும். இதற்கு ஒரு ஃபிலிம் சட்டம் செலவாகும், ஆனால் சான்று நெகட்டிவிலேயே நிலைத்திருக்கும்.

பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். விநாடிக்கு 25 படங்கள் காட்டும் முறையில் அது ஒவ்வொரு கிடைக்கோட்டையும் 64 மைக்ரோ விநாடியில் வரைகிறது. 1/125 விநாடியில் சுமார் 122 கோடுகளும் 1/1000-இல் 15 அல்லது 16 கோடுகளும் ஒளிர்ந்து பதிவாக வேண்டும். கிடைமட்டத் திரை கொண்ட கேமராவில் இந்த ஒளிப்பட்டை சாய்வாகத் தெரியும். பட்டையின் செங்குத்துத் தடிப்பு அந்தந்த இடத்தில் ஃபிலிம் பெற்ற நேரத்தைக் காட்டுவதால், அது ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் இருந்தால், திரைகளின் இணக்கம் கெட்டுவிட்டது என்பது கண்ணுக்கு நேராகவே தெரிந்துவிடும்.

1/125-க்கு மேற்பட்ட வேகங்களை எண்ணாக அறிய வேண்டுமென்றால் ஒளியுணர்வி தேவை. லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, முன்னால் ஒரு சீரான விளக்கும் பின்னால் ஃபிலிம் இருக்கும் தளத்தில் ஒரு ஃபோட்டோ டையோடும் வைத்து அளக்க வேண்டும். ஒரே உணர்வி உள்ள கருவி அந்த ஒரு புள்ளியின் நேரத்தை மட்டுமே சொல்லும். சட்டத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று உணர்விகள் உள்ள கருவிதான் ஒவ்வொரு திரையும் ஓடும் நேரத்தையும் ஓரங்களின் சமன்மையையும் காட்டும். ஒற்றை உணர்விக் கருவி மட்டுமே இருந்தால் அதை மூன்று இடங்களிலும் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் பத்து முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா?

உச்ச வேகங்களில் எச்சரிக்கை தேவை. உணர்வியின் முகம் 3 மி.மீ. அகலம், பிளவும் 3 மி.மீ. அகலம் என்றால், பிளவின் முன்விளிம்பு உணர்வியைத் தொட்டதிலிருந்து பின்விளிம்பு அதைவிட்டு நீங்கும் வரை 6 மி.மீ. பயணம் ஆகிறது. ஒரு மில்லி விநாடி கிடைக்க வேண்டிய இடத்தில் கருவி இரண்டு என்று சொல்லிவிடும். உணர்வியின் முன் 1 மி.மீ. துளையிட்ட கருப்பு அட்டையை வைத்து, ஒளி அலையின் பாதி உயரத்தில் நேரத்தை அளந்தால் இப்பிழை நீங்கும். வீட்டு மின்சாரத்தில் எரியும் எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கக்கூடும் என்பதால், மின்கலத்தில் எரியும் சாதாரணக் குமிழ் விளக்கு மேல்.

பிழை தெரிந்துவிட்டது. அடிப்பகுதியைக் கழற்றி ஸ்பிரிங்கை முறுக்கிவிடலாமா?

தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். அடித்தட்டைக் கழற்றினால் இரண்டு திரைகளின் முறுக்கத்தையும் மாற்றும் திருகுகள் பல கேமராக்களில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன, அரைச்சுற்று முறுக்கினால் 1/1000-இன் எண் உடனே அழகாகிவிடுகிறது. ஆனால் மந்தத்துக்குக் காரணமான அழுக்கு அப்படியே இருக்கிறது. கூடுதல் விசை அந்த அழுக்கின் மீதே திரையை இழுத்து ஓட்டுகிறது, நாடாக்களும் உருளைகளும் அந்தச் சுமையைத் தாங்குகின்றன, சில மாதங்களில் அழுக்கு மேலும் இறுகியதும் பிழை திரும்பி வருகிறது. அப்போது முறுக்குவதற்கு மிச்சம் இல்லை. நான் வாங்கிய கேமரா ஒன்றில் முந்தைய உரிமையாளர் யாரோ இதைச் செய்திருந்தார். திரை மூடும் ஒலியே சுத்தியல் அடிபோல் இருந்தது.

சரியான வரிசை இது: முதலில் சுத்தம், பிறகு தேவையான இடத்தில் மட்டும் எண்ணெய், பிறகு இரு திரைகளும் சமமாக ஓடும்படி முறுக்கம், அதன் பின்னரே பிளவின் அளவு, கடைசியாக மெதுவான வேகங்களின் பல்சக்கர வரிசை. சுத்தம் செய்த பிறகு முறுக்கத்தைத் தொடவே தேவைப்படாத கேமராக்கள் ஏராளம்.

ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடாதா? லைட்டர் திரவம்?

தையல் எந்திர எண்ணெயும், துருவை இளக்கும் தெளிப்பான்களும் கேமராவுக்குள் போகவே கூடாது. அவை பரவி, இலைகளையும் திரைகளையும் லென்ஸையும் அடைந்துவிடும். லீஃப் ஷட்டரின் இலைகள் முற்றிலும் உலர்ந்தே இயங்க வேண்டும். லைட்டர் திரவம் பழைய பசையைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கழற்றாமல் உள்ளே ஊற்றினால் கரைந்த பசை வேறோர் இடத்தில் படிந்து, திரவம் ஆவியானதும் அங்கே மீண்டும் இறுகும். ஒரு வாரம் நன்றாக ஓடிய ஷட்டர் இரண்டாம் வாரம் நின்றுபோவது இதனால்தான்.

பயன்படுத்தாத காலத்தில் எப்படி வைத்திருப்பது?

மாதம் ஒரு முறை எடுத்து, எல்லா வேகங்களிலும் சில தடவை அழுத்துங்கள். 1 விநாடியையும் 1/2-ஐயும் விட்டுவிடாதீர்கள், அவைதான் முதலில் இறுகுகின்றன. நீண்ட நாள் வைக்கும்போது ஷட்டரை முறுக்கேற்றிய நிலையில் விடாமல் அழுத்தி விடுவித்து வையுங்கள். ஒருநாள் மறந்து முறுக்கேற்றியே வைத்துவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் இடம் நல்லது. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் கேமராவை அதற்குள் பூட்டி வைக்க வேண்டாம்.

வேகச் சக்கரத்தை முறுக்கேற்றுவதற்கு முன் திருப்ப வேண்டுமா, பின் திருப்ப வேண்டுமா?

பெரும்பாலான எஸ்எல்ஆர் கேமராக்களில் எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். ஜோர்க்கி-4 போன்ற சோவியத் கேமராக்களில் முறுக்கேற்றிய பிறகுதான் திருப்ப வேண்டும், முன்னதாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் பாகம் வளையவோ உடையவோ கூடும். பழைய காம்பர் வகை லீஃப் ஷட்டர்களில் இதற்கு நேர்மாறு. உச்ச வேகத்துக்கெனத் தனியாக ஒரு ஸ்பிரிங் இருப்பதால், முறுக்கேற்றுவதற்கு முன்பே அந்த வேகத்தை வைத்துவிட வேண்டும். சக்கரம் மறுத்தால் விரலின் பலத்தைக் காட்டாதீர்கள்.

துணித்திரையில் ஊசித்துளைகள் விழுந்துள்ளன. திரையை மாற்றியே ஆக வேண்டுமா?

கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை லென்ஸ் மூடியில்லாமல் சூரியனை நோக்கி வைத்தால், லென்ஸ் பூதக்கண்ணாடியாகி, திரையைச் சுட்டுவிடும். இருட்டறையில் லென்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்து சிறு விளக்கைக் காட்டி, பின்புறத்தில் இருந்து பார்த்தால் துளைகள் நட்சத்திரங்களாகத் தெரியும். ஒன்றிரண்டு துளைகளை நெகிழ்வாக உலரும் கருப்புத் துணிச்சாயத்தால் மிக மெல்லியதாகத் தொட்டு அடைக்கலாம். தடிமனாகப் பூசினால் திரை எடைகூடி விறைத்து, உருளையில் சுற்றும்போது தடைபட்டு, வேகமே மாறிவிடும். துணி வெடித்து, சுருங்கியிருந்தால் மாற்றுவதே வழி. உலோக இலைகளைப் பொறுத்தவரை ஒரே அறிவுரைதான்: விரலாலோ, ஃபிலிம் முனையாலோ, அழுத்தக் காற்றாலோ அவற்றைத் தொடாதீர்கள்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"ஷட்டர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எத்தனையாவது அழுத்தலில், என்ன நடக்கிறது என்பதை எழுதிக் கொடுங்கள். குறை தெரியும் நெகட்டிவையும் சேர்த்துக் கொடுங்கள். திரும்பப் பெறும்போது ஒவ்வொரு வேகத்துக்கும் முன்பு அளந்ததும் பின்பு அளந்ததும் கொண்ட பட்டியலைக் கேளுங்கள். உச்ச வேகங்களுக்குச் சட்டத்தின் இரு ஓர அளவுகளும் அதில் இருந்தால், அவர் வேலை தெரிந்தவர் என்று மனநிறைவோடு பணம் கொடுக்கலாம். பல்லாண்டு கைபடாத கேமராவை வாங்கினால், முதல் ஃபிலிமுக்கு முன்பே ஒரு முழுச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

1/1000 மட்டும் அரை ஸ்டாப் பிந்துகிறது. மற்ற எல்லாம் நன்றாக உள்ளன. அதற்காகக் கேமராவைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். ஓரங்கள் சமமாக இருந்து, பிழையும் எப்போதும் ஒரே அளவில் இருந்தால், அளந்த நேரங்களை ஒரு சிறு தாளில் எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டிவிடுங்கள். 1/1000 என்பதை 1/700 என்று கணக்கில் கொண்டு, அப்பர்ச்சரை அரைப்படி மூடினால் வேலை முடிந்தது. நல்ல வெயிலில் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப் 11-இல் 1/250 போதுமானதாக இருப்பதால், அந்த உச்ச வேகம் தேவைப்படும் படங்கள் ஒரு சுருளில் இரண்டோ மூன்றோ இருந்தாலே அதிகம்.